வலப்பக்கத்து முதல் பை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் குல்சும் அக்காளை முதன்முதலாகக் கண்டேன். ‘கண்டேன்’ என்பதைக் காட்டிலும் ‘கேட்டேன்’ என்பதே பொருத்தமான வினை. கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால் நான் குடியிருந்த சந்துக்குள் முதலில் ஒரு தகர ஓசை நுழைந்தது. பஞ்சுமிட்டாய்க்காரர் வருகிறார் என்று நம்பி, பக்கத்து வீடுகளிலிருந்து நான்கு பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தார்கள். அவர்களுக்கு எதிரே, ஓரமெல்லாம் சேறு தெறித்த வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கம்பிப் பிடி போட்ட பழைய பிஸ்கட் டப்பாவுடன் அவள் வந்து நின்றாள்.

“மிட்டாய் இல்ல கண்ணுங்களா. இஸ்பேனர்தான் கீது, துண்றீங்களா?” என்று கேட்டுவிட்டு, என் வீட்டு வாசலில் கால் கழுவினாள்.

டப்பாவுக்குள் இருந்தவை தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் கருவிகள். அவ்வாண்டு ஆனி மாதத்தில்தான் அவ்வூர்ப் பெண்கள் பள்ளிக்குத் தமிழாசிரியையாக நான் வந்து சேர்ந்திருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. உடன் கொண்டுவந்திருந்த உடைமைகளுள் ஒன்று, கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கும் சிறிய தையல் இயந்திரம். ஈரக் காற்றுப் பட்டதும் அது நூலை விழுங்கத் தொடங்கியது. என் மாணவி ஒருத்தியின் தாயான நசீராவிடம் இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டேன். மறுநாளே அவர் தம் ஓரகத்தியை அனுப்பிவைத்தார். அந்த ஓரகத்திதான் குல்சும்.

அக்காளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். பழவேற்காட்டில் பிறந்தவள். அவளுடைய தந்தை மொய்னுதீன் அங்கே தையற்கடை வைத்திருந்தார். கடையிலிருந்த ஐந்து இயந்திரங்களுள் எது நின்றுபோனாலும், வெளியாள் வருவதற்கு முன்பே மகள் அதைப் பிரித்துப் போட்டிருப்பாளாம். ஆனால் தையல் மட்டும் அவளுக்கு வரவே இல்லை. அவள் தைத்த விளிம்பு கடற்கரையைப் போல உள்ளே போய் வெளியே வரும். கணவர் முஸ்தபா பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய அண்ணன் ஹபிபுல்லாவின் வீட்டில், அண்ணியான நசீராவுடன் அவள் வாழ்ந்துவந்தாள்.

அந்த ஊரிலும் சுற்றிலும், அயல் ஆடவர் முன்னிலையில் வராத பெண்கள் இருந்த வீடுகள் பல. அங்கே இயந்திரம் பழுதானால், அதைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழுதுபார்க்கிறவரிடம் கொடுத்து, அவர் மனம் வைத்துத் திருப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டும். குல்சும் அக்காளோ சமையலறைவரை சென்று உட்கார்ந்துவிடுவாள். கடைத்தெருக் கோடியில் இருந்த ஆரிபா என்னும் மூதாட்டியின் வீடு முதல், பெரியபாளையத்தில் ஆடித் திருவிழாவுக்குப் பாவாடை தைத்து விற்ற செங்கம்மாளின் வீடு வரை அவளுக்கு அழைப்பு இருந்தது.

அவள் வேலை செய்யும் விதம் தனியானது. இயந்திரத்தைத் தரையில் வைத்து, அதன் முன் சம்மணமிட்டு அமர்வாள். டப்பாவைத் திறந்து, கருவிகளைத் தனக்கு முன்னால் ஒரே வரிசையாக அடுக்குவாள். அதன்பின் அந்த வரிசையை ஒருமுறைகூடப் பார்க்க மாட்டாள். கண்ணும் இடக்கையும் இயந்திரத்திலேயே இருக்கும். வலக்கை மட்டும் போய்ப் போய் வரும். வரும்போது வேண்டிய கருவியோடு வரும். நான் இதை வியந்து பார்த்தேனே தவிர, ஊன்றிக் கவனிக்கவில்லை. அந்தக் குறையின் பயனைப் பின்னர் அனுபவித்தேன்.

முதல் நாளிலேயே அவளுடைய மொழியைத் திருத்தத் தலைப்பட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் ‘இஸ்குரு டைவரு’ என்றாள். அதற்குத் ‘திருப்புளி’ என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது என்றேன்.

“இன்னா டீச்சரம்மா, அது கொயம்புல கரைக்கிற புளியா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னிடம் மட்டும் அதைப் ‘புளி’ என்றே குறிப்பிட்டு வந்தாள். பெரிய திருப்புளி ‘பழம்புளி’ ஆயிற்று.

அடுத்த ஆண்டு பங்குனியில் சிக்கல் வந்தது. ஹபிபுல்லா கடைத்தெருவில் சிறியதொரு ஜவுளிக்கடை நடத்தியவர், அதிர்ந்து பேசாதவர். ஒருநாள் மாலையில் மகளை முன்னால் விட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். பள்ளியைப் பற்றிச் சிறிது பேசிவிட்டு, செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

“குல்சும் வேலைக்குப் போறத நான் வேணாங்கல டீச்சரம்மா. என் தம்பியும் சரின்னுதான் எழுதிக்கிறான். ஆனா அந்த டப்பா சத்தம் தெரு பூரா கேக்குது. நான் தொழுதுட்டு வெளிய வந்தா, ‘இன்னா பாய், உங்க ஊட்டு பஞ்சுமிட்டாய் இன்னிக்கு எந்தப் பக்கம் போச்சு’ன்னு கேக்கறானுங்க. பேஜாரா கீது.”

அவர் விதித்த நிபந்தனை தெளிவானது. சித்திரையில் நோன்புப் பிறை தெரிவதற்குள், கருவிகளைத் தெருவின் காதுக்கும் கண்ணுக்கும் எட்டாத வகையில் எடுத்துச்செல்ல ஒரு வழி காண வேண்டும். பிறை பார்க்கும் நாளன்று காலையில் அக்காள் அவருடைய கடையைக் கடந்து செல்வாள். அவர் காதில் ஓசை விழுந்தால் டப்பா பழவேற்காட்டுக்கே திரும்பிப் போகும். அவள் வீட்டோடு இருப்பாள்.

நோன்பு மாதமே அவளுக்கு மிகுந்த வேலை உள்ள மாதம். பெருநாளைக்குப் புத்தாடை தைக்காத வீடு இல்லை. அந்த நேரம் பார்த்து மக்கர் செய்யாத இயந்திரமும் இல்லை. அக்காள் எவரிடமும் வாதாடவில்லை. என் அறையில் வந்து அமர்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “ஊட்லயே குந்திக்கினா இந்தக் கை இன்னாத்துக்கு டீச்சரம்மா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாளே இருவரும் தேடலில் இறங்கினோம்.

முதலில் சாதாரணத் துணிப்பையை முயன்றோம். இரண்டாம் நாளே திருப்புளி பையைத் துளைத்துக்கொண்டு இரயில் நிலையத்தில் விழுந்தது. இரும்போடு இரும்பு உரசும் ஓசையும் குறையவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி அறை வேண்டும், அவை ஒன்றையொன்று தொடக் கூடாது என்பது அப்போது விளங்கிற்று.

ஒரு சனிக்கிழமை, நசீராவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்கு இரயிலேறி மூர் மார்க்கெட்டுக்குப் போனோம். மோட்டார் வண்டிக்காரர்கள் பயன்படுத்தும் தோல் சுருள் ஒன்று அங்கே தொங்கியது. விரித்தால் வரிசையாகப் பைகள். சுருட்டினால் முழங்கை நீள உருளை. மேலே இரண்டு பித்தளைக் கொக்கிகள். எனக்கும் நசீராவுக்கும் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. கடைக்காரர் துப்பட்டிக்காரப் பெண்மணியை மேலும் கீழுமாகப் பார்த்து, எந்த ஒர்க் ஷாப்புக்கு என்று விசாரித்தார்.

“ஊடு ஊடாப் போற ஒர்க் ஷாப்பு” என்றாள் அக்காள். துப்பட்டிக்குள்ளிருந்து தன் கருவிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகினாள். சின்னத் திருப்புளி தலைவரை மூழ்கிப்போயிற்று. அதைத் தலைகீழாக உலுக்கித்தான் மீட்க முடிந்தது. பிறகு சுருளைச் சுருட்டிக் காதருகே வைத்துக் குலுக்கினாள். கொக்கிகள் கிணுகிணுத்தன. அவ்வளவுதான், கீழே வைத்துவிட்டாள்.

இருபது ஆண்டு உழைக்கும் தோல் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். தங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, தோல் வியர்க்கும், உள்ளே இருக்கிற இரும்பு துருப்பிடிக்கும் என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். திரும்பும் வண்டியில் நசீரா, பெரிதாக ஒன்று வாங்கிக்கொண்டால் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளலாமே என்று அங்கலாய்த்தார்.

“பை பெருசா இருந்தா, வேண்டாததெல்லாம் வந்து குந்திக்கும் அண்ணி. அப்பால தோள் வலிக்குது, வேலைக்குப் போவலன்னு நானே சொல்லிடுவேன்” என்றாள் அக்காள்.

அன்று இரயிலில் வைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஆறே கருவிகள், ஆறே பைகள், அந்தந்தக் கருவியின் அகலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பைகள், கொக்கிக்குப் பதிலாக நாடா. தைப்பது நான். அதற்கு நான் ‘கருவிச் சுருள்’ என்று பெயரிட்டேன். அக்காள் அதைச் ‘சுருட்டு’ என்றாள். சுருட்டு என்றால் புகைப்பது என்று எச்சரித்தேன், அவள் கேட்கவில்லை.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வாரம் கழிந்தது. பழவேற்காட்டுப் படகுக்காரர்கள் பாய்க்குப் பயன்படுத்தும் கித்தான் துண்டு ஒன்றை அவளுடைய தந்தை அனுப்பினார். ஓசையே எழுப்பவில்லை, ஆயினும் விறைப்பு மிகுதி. சுருட்டித் துப்பட்டிக்குள் வைத்தபோது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதைப் போல் இருந்தது. காக்கித் துணியில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினாள், மறுபக்கம் வந்துவிட்டது. மூன்றாவது, நீலக் கோடு போட்ட மெத்தைத் துணி. பஞ்சு வெளியேறாதபடி நெருக்கமாக நெய்யப்பட்ட அதை இரட்டையாக மடித்துக் குத்தினாள். முனை உள்ளே போகவில்லை. ஒரு துளி எண்ணெய் விட்டாள். அது ஒரு கோட்டுக்குள் மறைந்துகொண்டது. ஆறு கருவிகளையும் அதில் இடைவெளி விட்டுச் சுற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினாள். நானும் காதை வைத்துக் கேட்டேன். எங்கள் மூச்சுத்தான் கேட்டது.

அந்தத் துணி ஹபிபுல்லாவின் கடைச் சரக்கு. தேவையான நீளத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தலையணைக்கா என்று அவர் கேட்டிருக்கிறார். “சுருட்டுக்கு மச்சான். டீச்சரம்மாதான் செஞ்சு தராங்க” என்றிருக்கிறாள் இவள். மனிதர் கடையைப் பூட்டிக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்துவிட்டார். பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் வீட்டில் சுருட்டுச் சுருட்டுவதாகத் தெருவில் பேச்சுக் கிளம்பினால், தம் மகளை எப்படிப் படிக்க அனுப்புவது என்று மிகுந்த பணிவோடு கேட்டார். தெளிவுபடுத்த அரை மணி நேரம் பிடித்தது. ஒரு சொல்லைத் தவறாகக் கையாண்டால் என்ன நேரும் என்பதை அன்றிரவு அக்காளுக்கு விரிவாக எடுத்துரைத்தேன். அவள் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே ஒழிய, வருந்தியதாகத் தெரியவில்லை.

பள்ளிக்கு விடுமுறை விட்ட பிறகும் நான் சொந்த ஊருக்குப் போகவில்லை. அக்காள் ஒரு தாளில் கருவிகளை வரிசையாக எழுதிக்கொண்டுவந்து, எனக்குப் படித்துக் காட்டினாள். முதலில் சின்னத் திருப்புளி, அடுத்துப் பெரிய திருப்புளி, பிறகு தூரிகை, குறடு, ஸ்பேனர், கடைசியில் எண்ணெய்க் குப்பி. முதல் பை மிகக் குறுகல். கடைசிப் பை மிக அகலம். அவ்வாறே வெட்டி, அவ்வாறே தைத்தேன். தையல் பிரியாதிருக்க நூலை இரட்டையாகப் போட்டு, ஒவ்வொரு தடுப்பையும் மும்முறை ஓட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். ஒவ்வொரு பையின் மீதும் அதற்குரிய கருவியின் பெயரைச் சிவப்பு நூலால் நல்ல தமிழில் பின்னினேன். ‘எண்ணெய் குப்பி’ என்று பின்னி முடித்த பிறகுதான் வல்லெழுத்து மிகவில்லை என்பது கண்ணில் பட்டது. பிரித்து, ஒரு ‘க்’கை நெருக்கிப் புகுத்தினேன்.

பிறை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் பிற்பகலில், அவள் கொண்டுவந்த கருவிகளை நானே அந்தந்தப் பையில் செருகிச் சுருட்டி, சுருளை அவளிடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளோட்டம் பார்க்க என் இயந்திரத்தின் முன்னாலேயே அமர்ந்தாள். சுருளை விரித்தாள். கண் இயந்திரத்துக்குப் போயிற்று. வலக்கை வலப்புறம் போய் முதல் கருவியை எடுத்து வந்து, ஊசிக்கு மேலிருந்த திருகாணியில் வைத்து அழுத்திற்று. அது எண்ணெய்க் குப்பி. பாதி தைத்த என் இரவிக்கையின் மேல் இரண்டு துளிகள் விழுந்தன.

அவள் சிரித்துவிட்டு மீண்டும் கையை நீட்டினாள். இம்முறை ஸ்பேனர் வந்தது. மூன்றாம் முறை, தூரிகை வேண்டிய இடத்துக்குக் குறடு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பார்த்துப் பார்த்து எடுக்க முயன்றாள். ஒவ்வொரு முறை கண்ணைத் திருப்பும்போதும் இடக்கையில் பிடித்திருந்த சிறு திருகாணி நழுவித் தரையில் உருண்டது. கால் மணி நேர வேலை ஒரு மணி நேரமாயிற்று. கருவிகளை மாற்றி வைக்கவும் வழியில்லை. எண்ணெய்க் குப்பிக்கு அளவெடுத்த பையில் சின்னத் திருப்புளி நிற்காது.

“நாளைக்கு அவரு காதுல விழலன்னாலும், ஆரிபாம்மா ஊட்ல நான் குருடி மாதிரி தடவிக்கினு குந்தியிருப்பேன்” என்றாள்.

“நீங்கள் சொன்ன வரிசைப்படிதானே தைத்தேன்? முதல் பை சின்னத் திருப்புளிக்கு” என்று இடக்கோடியைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “மொதல்னா சோத்தாங்கை பக்கந்தானே டீச்சரம்மா?”

தான் எழுதிய தாளை எடுத்து விரித்தாள். அப்போதுதான் அதை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். சொற்கள் தமிழ், எழுத்து அரபு. அவளுடைய வீட்டில் பெண்கள் தலைமுறைகளாகத் தமிழை அப்படித்தான் எழுதி வந்தார்கள். பினாங்குக்குப் போன கடிதங்களும் அவ்வெழுத்திலேயே போயின. அவளுடைய விரல் தாளின் வலக்கோடியில் தொடங்கி, ‘சின்ன இஸ்குரு டைவரு’ என்று படித்துக்கொண்டே இடப்புறமாக நகர்ந்தது. அவளுக்கு முதல் என்பது அங்கேதான் இருந்தது. தரையில் கருவிகளை அடுக்கியதும் அந்த முறைப்படியே. ஆறு மாதங்களாகக் கண்ணெதிரே பார்த்திருந்தும், முதல் என்றால் இடப்பக்கம் என்று எவரையும் கேட்காமல் முடிவுகட்டியவள் நான்.

பிரித்துத் தைத்துவிடுகிறேன் என்று கத்தரியை எடுத்தேன். மும்முறை ஓட்டிய இரட்டை நூல் தையலை ஓரிரவில் பிரிக்க முடியாது என்பது முதற் கண்ணியிலேயே தெரிந்துவிட்டது. அக்காள் கத்தரியை வாங்கி அப்பால் வைத்தாள். சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உணவுத் தட்டைத் திருப்புவதைப் போல, அதைத் தரையிலேயே அரைவட்டமாகச் சுழற்றினாள்.

பைகளின் வாய் அவளை நோக்கி வந்தது. சின்னத் திருப்புளி வலக்கோடிக்கு வந்து சேர்ந்தது. கண்ணை இயந்திரத்தில் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். பிடி தானாகக் கையில் வந்து அமர்ந்தது. அடுத்தது பழம்புளி. அடுத்தது தூரிகை. முன்பு எதிர்ப்புறம் நீட்டி உருவ வேண்டியிருந்ததை இப்போது தன் பக்கமாக இழுத்தால் போதும், முன்னைவிட எளிதாயிற்று.

“என் எழுத்தெல்லாம் தலைகீழாக நிற்கிறதே” என்றேன்.

“நானா படிக்கப் போறேன்? எதிர்ல குந்திக்கினு இருக்கறவங்க படிக்கட்டும்” என்றாள்.

மறுநாள் காலையில் ஹபிபுல்லா வழக்கத்தைவிட முன்னதாகவே கடையைத் திறந்தார் என்று கேள்விப்பட்டேன். துணி கிழிக்கிற ஓசையில் டப்பா ஓசை தப்பிவிடுமோ என்று அஞ்சி, வந்தவர்களுக்குத் துணி கிழிக்காமல் பேச்சுக்கொடுத்தே உட்கார வைத்திருக்கிறார். தெருவில் துப்பட்டிகள் சில போயின, சில வந்தன. ஓசை ஏதும் இல்லை. நண்பகல் நெருங்கியும் அவள் கடக்கவில்லையே என்று பொறுமையிழந்து வீட்டுக்குப் போய், அவள் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று நசீராவைக் கேட்டார்.

“அவ ஒம்போது மணிக்கே போயிட்டா. உங்க கடை வழியாத்தான் போனா” என்றார் நசீரா.

“எனக்குக் கேக்கலியே.”

“கேக்கக்கூடாதுன்னுதானே சொன்னீங்க?”

அந்நேரத்தில் ஆரிபாவின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காள் இரண்டாம் வீட்டில் இருந்தாள். எதிரே அமர்ந்திருந்த பெண்கள் என் சிவப்பு எழுத்தைப் படித்து, ‘குறடு’, ‘தூரிகை’ என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். நோன்பு முப்பது நாளும் அவள் போய்வந்தாள். பெருநாள் முடிந்த வாரத்தில், ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம், இயந்திரம் பழுதென்றால் எங்கும் தேடி அலைய வேண்டாம், என் தம்பி மனைவியை அனுப்புகிறேன் என்று ஹபிபுல்லாவே சொன்னதாக அறிந்தேன். நான் கடைக்குப் போனால் அரை முழம் கூடுதலாகக் கிழித்துக் கொடுத்தார்.

மூன்றாண்டுகள் அந்தச் சுருள் உழைத்தது. நாடாவை இரண்டு முறை மாற்றினேன். பிரித்துத் திருத்தித் தரட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். தன் கை இப்போது இதற்குப் பழகிவிட்டது, தொட வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். நானும் அதற்குள் அரபு எழுத்தில் என் பெயரை வலமிருந்து எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் அவள் கண்ட பிழைகள் பல.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஆவணியில் முஸ்தபா மனைவியைப் பினாங்குக்கு வரவழைத்தார். அங்கும் இயந்திரங்கள் இருக்கின்றனவாம், அவற்றைத் திறக்க ஆளில்லையாம். கும்மிடிப்பூண்டி நிலையத்தில், சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் வழியில், பெட்டிகளை ஹபிபுல்லா ஏற்றினார். சுருள் துப்பட்டிக்குள் இருந்தது, எனக்குக்கூடத் தெரியவில்லை. வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கையில், அவள் சன்னல் வழியாக என் மணிக்கட்டைப் பற்றினாள். என்னை மறந்துவிடாதீர்கள் என்றோ, கடிதம் எழுதுங்கள் என்றோ கேட்கப் போகிறாள் என்று எண்ணினேன்.

“டீச்சரம்மா, ஆரிபாம்மாக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இப்பல்லாம் தெக்கிறது இல்ல. சும்மா கெடந்தா மெஷின் இறுகிக்கும். அப்பால எவனாவது தெருவுக்குத் தூக்கிக்கினு போயிடுவான். வெள்ளிக்கிழமை தவறாம நீங்க போங்க. நூல் கோக்காதீங்க. சக்கரத்த உங்க பக்கமா, மெதுவா, பத்து சுத்து சுத்திட்டு வாங்க. பத்து போதும்.”